மஞ்சள் கோடு போட்ட பெல்ட்

விடிந்தும் விடியாத நேரம். வேனின் பின்கதவைத் தூக்கி வைத்துவிட்டு, தரையில் முட்டி போட்டு நான் சாமான்களைக் கட்டும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். ராட்செட் என்னும் இறுக்கும் பூட்டின் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் அது டிக், டிக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ரேவதி வாசலில் முறுக்கு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். அதற்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தேன். இரும்புப் பானைக்குப் பின்னால், சாப்பாட்டுப் பெட்டிக்கும் வேனின் சுவருக்கும் நடுவில்.

"வூட்ல உப்பு டப்பா எங்க கீதுன்னு கேட்டா தெரியாது. வேன்ல மட்டும் ஊசிக்குக்கூட ஒரு எடம்" என்றாள்.

அவள் தம்பி தினகரன், எங்களுக்குத் தினா, சிரித்தான். எங்கள் எட்டு வயது மகள் யாழினி தன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் ஏற்கெனவே படுத்துவிட்டாள். தெருமுனையில் முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "இன்னா சார், வூட்ட காலி பண்ணினு போறியா?" என்று குரல் கொடுத்தார். ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்கப்போகிறோம் என்று சொன்னேன். வீடு இருக்கும்போது ஏரிக்கரையில் போய்ப் படுப்பானேன் என்று அவருக்குப் புரியவில்லை.

அந்தக் காலையோடு தினகரன் எங்கள் வீட்டுப் படியேறுவது நின்றுபோனது. ஆறு வருஷமாகிறது. பெல்ட்டைச் சரியாக மாட்டாமல் விட்டவன் அவன்தான் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. அவன் பெல்ட்டைத் தொடவே இல்லை. இத்தனை வாரமாக இந்தத் தொடரில் ஊர்க்கதை, கம்பெனிக் கதை எல்லாம் எழுதினேன். இதை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஜப்பான்காரர் விற்ற கூடாரம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் மூன்று நான்கு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது, வீட்டுச் சாமான்களை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். யார் எப்போது கிளம்புகிறார் என்று டிரைவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சோறு வடிக்கும் மிஷின், குழந்தை சைக்கிள், துணி காயப்போடும் ஸ்டாண்டு எல்லாம் அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்தன.

எனக்கு ஒரு ஜப்பான்காரரிடமிருந்து வாய்த்தது கூடாரம். அதோடு நான்கு மடக்கு நாற்காலி, ஒரு மேஜை, சின்ன கேஸ் அடுப்பு, மூடி போட்ட கறுப்பு இரும்புப் பானை. அந்தப் பானையை ஒற்றைக் கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். மூடியே தோசைக்கல் கனம் இருக்கும். இதில் சோறு வைத்தால் அடியில் காந்தாது என்று அந்த ஜப்பான்காரர் சைகையில் விளக்கினார்.

ரேவதிக்குக் கூடாரம் பிடித்ததற்குக் காரணம் வேறு. பெருமழை வருஷத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுக்கடியில் படுத்திருந்தோம். அதிலிருந்து மழை என்றாலே அவளுக்குப் பயம். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவியில் சொன்னால் எழுந்து போய் வேனில் கூடாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். சுற்றுலாவுக்கு என்று நான் வாங்கியதை அவள் ஆபத்துக்கு என்று வைத்திருந்தாள்.

அடுக்குவது என் வேலை. பழைய வேன், எட்டுப் பேர் உட்காரலாம். கடைசி சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தை அளந்து, பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி, உள்ளே மெத்தை ஃபோமை வெட்டி ஒட்டினேன். டார்ச்சுக்கு டார்ச் வடிவத்தில் பள்ளம், அடுப்புக்கு அடுப்பு வடிவத்தில் பள்ளம். எந்தச் சாமான் இல்லை என்பது திறந்தவுடன் கண்ணில் பட வேண்டும். கம்பெனியில் ஸ்பேனரை அப்படித்தான் வைப்போம்.

கனமானது தரையில், சீட்டின் முதுகோடு ஒட்டி. லேசானது மேலே. எல்லாவற்றுக்கும் குறுக்கே பெல்ட். பெல்ட்டை இறுக்கியபின் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு.

கோடு

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்த்தது கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பகுதியில். லாரியில் இரும்புத் தொட்டிகளை ஏற்றுவார்கள், பெல்ட் போடுவார்கள். நான் செக்கர். ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்த்து, பெல்ட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு இழுப்பேன். கோடு போட்டபின் அதில் எவனும் கை வைக்கக் கூடாது. ஏதோ காரணத்துக்காகத் திறக்க வேண்டி வந்தால், திறந்தவன் முதலில் கோட்டைத் துடைத்துவிட வேண்டும். கோடு இருந்தால் சரியாக இருக்கிறது, கோடு இல்லையென்றால் பார்க்கணும். அவ்வளவுதான் சட்டம்.

தினகரனும் இரண்டு வருஷம் எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். பெல்ட் போடும் வேலை. கோடு போட்ட பெல்ட்டை அவன் விரலால்கூடத் தொடமாட்டான்.

இன்னொரு பழக்கமும் கம்பெனியில் உண்டு. ஏதாவது தவறு நடந்தால் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஐந்து தடவை 'ஏன்' கேட்பார்கள். இங்கிலீஷில் ஒய்-ஒய் என்று பெயர். ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் வந்துவிடும் என்பது ஐதீகம்.

ஒருமுறை லாரியிலிருந்து ஒரு தொட்டி சரிந்துவிட்டது. ஏன் சரிந்தது? பெல்ட் தளர்ந்துவிட்டது. ஏன் தளர்ந்தது? ஒழுங்காக இறுக்கவில்லை. ஏன் இறுக்கவில்லை? இறுக்கிய பையனுக்குக் கவனம் போதவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பையன். அவன் பெயர் வந்ததும் அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. மீதி இரண்டு கட்டத்திலும் 'அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

மதியமே அவன் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். தோளில் பையோடு அவன் கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். அந்த ராட்செட்டில் இரண்டு பல் தேய்ந்திருந்தது என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. அவனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் பெல்ட்டில் கோடு போட்டது நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

டீக்கடையில்

அன்று காலைக்கு வருகிறேன். மணிமங்கலத்திலிருந்து கிளம்பி, ஒரகடம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். ரேவதியும் தினாவும் இறங்கி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். கடைசி சீட்டிலிருந்து யாழினி எழுந்து, பசிக்கிறது, முறுக்கு வேண்டும் என்றாள்.

பின்கதவைத் தூக்கினேன். டப்பா பானைக்குப் பின்னால் இருந்தது. ராட்செட்டை விடுவித்து, பெல்ட்டை ஒதுக்கி, பானையைத் தூக்கிக் கூடாரப் பையின் மேல் வைத்தேன். டப்பாவை எடுத்து சீட்டின் முதுகுக்கு மேலாக யாழினியிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்போது தினா கூப்பிட்டான், டீ ஆறுகிறது என்று. குடித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பெல்ட்டை இழுத்துப் பானையின் மேல் போட்டு, கொக்கியில் நுழைத்து, கைப்பிடியைப் படிய வைத்தேன். ஒரு பல்கூட ஏற்றவில்லை. கோட்டையும் துடைக்கவில்லை. பின்கதவு திறந்தபடியே இருந்தது.

டீக்கடைக்காரர் நல்ல டீ போட்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போனது. கிளம்பும்போது தினா குழாயில் தண்ணீர் கேனை நிரப்பிக்கொண்டு வந்து பின்னால் வைத்தான். கதவைச் சாத்தினான். நான் வண்டியை எடுத்தேன்.

வாலாஜாபாத் ரோடு ஆறு வழிச் சாலை. ஒரு காலத்தில் மாடு மேய்ந்த இடம். மாடுகளுக்கு இன்னும் அது தெரியாது. தடுப்புச் சுவரின் இடைவெளியிலிருந்து ஒரு எருமை நிதானமாக இறங்கி என் முன்னால் வந்து நின்றது.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. எருமைமேல் இடிக்கவில்லை. வண்டியில் ஒரு கீறல் இல்லை. எருமை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அப்பாடா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரேவதி அலறினாள்.

பானை யாழினியின் வலது தோளில் விழுந்திருந்தது. மூடி நடு சீட்டுக்கடியில் உருண்டு கிடந்தது. ரத்தம் அதிகமில்லை. குழந்தை அழவும் இல்லை. வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கை மட்டும் யாருடையதோ போல அவள் மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரி வராண்டா

தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் பிய்ந்துவிட்டன என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், விரல்கள் கொஞ்சம் அசையலாம், பழைய கை வராது. இதை அவர் எங்களை நிற்கவைத்துச் சொல்லவில்லை, உட்காரவைத்துச் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அதற்குள் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எப்படி ஆனது, எப்படி ஆனது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ரேவதி என்னைப் பார்த்தாள். பெல்ட்டு போட்டிருந்தியே, எப்படி வந்தது என்று கேட்டாள்.

வராண்டாவில் நின்றபடி நான் ஒய்-ஒய் போட்டேன். பானை ஏன் வந்தது? பெல்ட் விட்டுவிட்டது. ஏன் விட்டது? யாரோ திறந்திருக்கிறார்கள். கடைசியாகப் பின்கதவை மூடியது யார் என்று கேட்டேன்.

தினா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். "நான்தான் மாமா" என்றான்.

"மூடறதுக்கு முன்னாடி ஒருதரம் இழுத்துப் பாத்திருக்கலாமே, தினா" என்றேன்.

கோபப்பட்டுச் சொல்லவில்லை. மெதுவாக, ஆற்றாமையோடு சொல்வது போலத்தான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மார்க் இருந்துது மாமா. அதான் நான் கை வெக்கல."

அதன் அர்த்தம் அந்த வராண்டாவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் டாக்டர் அறையின் கதவைப் பார்த்தேன்.

"அவ கையே பூடுச்சு. நீ இன்னா மார்க்கு பேசினுகீற?" என்றாள் ரேவதி. பிறகு, என் கண் முன்னால் நிற்காதே என்றாள். அவன் சட்டையில் யாழினியைத் தூக்கி வந்தபோது பட்ட முறுக்குத் தூள் அப்படியே இருந்தது. அப்படியே படியிறங்கிப் போனான்.

இடது கை

யாழினி இடது கையால் எழுதப் பழகினாள். ஒரு வருஷத்தில் வலது கை எழுத்தைவிட நன்றாகவே வந்தது. எழுத்தை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பாடுதான். கல்யாணப் பந்தியில் இடது கையால் பிசைந்து உண்ணும் பெண்ணை எதிர் வரிசைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பரிமாறுகிறவர் ஒருதரம், "பாப்பா, சோத்துக் கையால சாப்பிடு" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவள் பந்திக்கே வருவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் சமையலறைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவாள்.

அவள் பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்தோம். ஓலைக் குடிசை கட்ட வேண்டியவன் தாய்மாமன். ரேவதி தன் பெரியப்பா மகனைக் கட்டச் சொன்னாள். தினா ஒரு நண்பனிடம் தட்டு கொடுத்தனுப்பியிருந்தான். பட்டுப் பாவாடையோ வளையலோ, எனக்குத் தெரியாது. மேலே மூடியிருந்த துணியைக்கூட விலக்காமல் ரேவதி அதைத் திருப்பி அனுப்பினாள். கொண்டுவந்தவன் தட்டோடு பந்தலைக் கடந்து போனான். நான் வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அப்படிக் குறுகுறுக்கவும் இல்லை. நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

வேனை விற்ற அன்று

போன மாதம் வேனை விற்றேன். வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னார். மதியம் நானும் யாழினியும் கழுவிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. இடது கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மாமாவை எப்போது வரச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

அம்மா மனசு மாறணும் என்றேன்.

"அம்மாக்குத் தெரியாது இல்ல. எனக்குத் தெரியும்பா. நீங்கதான் பெல்ட்ட தொறந்தீங்க. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் முறுக்கு கேட்டதாலதான தொறந்தீங்க" என்றாள். "சொன்னா, ஏன் முறுக்கு கேட்டேன்னு அம்மா என்னக் கேப்பாங்கன்னு."

அவள் முறுக்கைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. பல்லுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரேவதி நினைத்திருந்தாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஒருவன் தலையில் பழியைப் போட்டேன் என்றுதான் என் கணக்கு. அதன் மறுபாதியை எட்டு வயதுக் குழந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இவளும் என்னைப்போல நன்றாகத் தூங்கினாளா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

உன் தவறு ஒன்றுமில்லை என்று சொன்னேன். பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினாள். எனக்காகத்தான் ஆட்டினாள்.

ரேவதி கேட்டது

அன்று சாயங்காலமே ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்கு, பானை, டீ, கோடு. மஞ்சள் கோடு என்றால் என்ன என்பதையே ஆறு வருஷம் கழித்துத்தான் அவளுக்கு விளக்கினேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓசூருக்குப் போனாள். தினா அங்கேதான் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

இரண்டு நாள் கழித்துத் தனியாகத் திரும்பினாள். அவன் திட்டினானா என்று கேட்டேன். இல்லையாம். ஒன்றே ஒன்று சொன்னானாம்.

"நான் தொடலன்னு எனக்குத் தெரியும்கா. நீ என்னைய ஒரு வார்த்த கேப்பேன்னு இருந்தேன்."

இதைச் சொன்னபோதுதான் அழுதாள். அவன் வருவதாகச் சொல்லவில்லை. அவளும் கூப்பிடவில்லையாம், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"நாலு பேரு முன்னாடிதான அவன் பேர இழுத்த. நீதான் வாராவாரம் எழுதுறியே. நாலு பேரு படிக்கிற எடத்துலயே எழுது."

எழுதினேன். இரண்டு நாளாயிற்று. முடித்ததும் அவளிடம்தான் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தாள். ஆஸ்பத்திரி வராண்டா வரும் இடத்தில், 'அந்தப் பதற்றத்தில் டீக்கடையில் நடந்தது எதுவுமே எனக்கு நினைவில் இல்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தி, விரலை வைத்தாள்.

"நான் கேட்டப்ப இப்டியா சொன்ன?"

இல்லை. அவள் கேட்டது இதுதான்: தினா பெயரைச் சொல்லும்போது பெல்ட்டைத் திறந்தது நீ என்று உனக்கு ஞாபகம் இருந்ததா, இல்லையா? நான் சொன்ன பதில் வேறு.

அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எழுத வேண்டியதை இங்கே எழுதுகிறேன். ஞாபகம் இருந்தது.